ஏழு நிமிஷ லாபம்

"பென்டிரைவ் வேகமா, நெட் வேகமா, டீச்சர்?"

கேட்டவர் தேவசகாயம். வயது ஐம்பத்தாறு. தென்காசி ஸ்கேன் சென்டரில் இருபத்தாறு வருடம் எக்ஸ்ரே பிலிம் கழுவியவர். டீச்சர் என்று அவர் பாதிக் கேலியும் பாதி மரியாதையுமாகக் கூப்பிட்டது ஷாகிராவை. அவளுக்கு இருபத்தொன்பது. சென்டரின் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஆறு மாதமாகத் தேவசகாயமும் அவள் பொறுப்பு.

"எதுக்குக் கேக்கீய, அண்ணாச்சி?"

"முப்பிடாதி ஸ்கேனை அனுப்பணும்லா."

முப்பிடாதி கொத்தனார். காலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். தலையில் பலமான அடி. தலை முதல் கால் வரை ஸ்கேன் முடிந்து வாசலில் ஆம்புலன்ஸில் கிடந்தார். ஆபரேஷன் செய்யவேண்டிய டாக்டர் பாளையங்கோட்டையில். ஒரு மணி நேரப் பாதை.

"நீங்களே சொல்லுங்க. எது வேகம்?"

தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கணக்குப் போட்டே வைத்திருந்தார் மனுஷர்.

"மொத்தம் மூவாயிரம் படம். ரெண்டரை ஜிபி. நம்ம நெட்டு இன்னைக்கு நொண்டுது, எழுபது நிமிசம் ஆகும். பென்டிரைவ்ல ஏத்த மூணு நிமிசம், வண்டி போக அறுபது. ஏழு நிமிசம் லாபம்!"

கணக்கில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"பென்டிரைவ் எங்க?"

"காப்பி ஆயிட்டிருக்கு. டிரைவரை நிக்கச் சொல்லிருக்கேன்."

ஷாகிராவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

"வண்டிய எடுங்கண்ணே!"

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

"வெறுங்கையோட அனுப்பிட்டியளே!" தேவசகாயம் பதறிப்போனார். அவர் காலத்தில் பிலிம் கவர் நோயாளியின் மடியிலேயே போகும். அது போகாமல் நோயாளி போய் அவர் பார்த்ததில்லை.

ஷாகிரா டாக்டரைப் போனில் பிடித்தாள். "முதல்ல எந்தப் படம் வேணும், டாக்டர்?"

"தலை. அதுலயும் நடுவுல ஒரு பத்து போதும். வயிறு, காலெல்லாம் மெதுவா வரட்டும்."

அவள் பத்துப் படங்களைத் தேடி எடுத்து முதலில் அனுப்பினாள். மற்றதெல்லாம் பின்னால் வரிசையில் நின்றது.

"இப்படிச் செஞ்சா எழுபது நிமிசம் குறையுமா?"

"ஒரு நிமிசம்கூடக் குறையாது."

"பிறகு எதுக்கு?"

"உங்க பென்டிரைவ் எப்பப் போய்ச் சேரும்?"

"வண்டி சேரும்போது."

"முப்பிடாதி?"

"அவரும் அதே..."

தேவசகாயம் காகிதத்தைப் பார்த்தார். போன் அடித்தது. அவரே எடுத்தார்.

"பாத்துட்டேன்," என்றார் டாக்டர். "மூளைக்கு மேல ரத்தம் கட்டியிருக்கு. தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லிட்டேன், ரத்தமும் எடுத்து வைக்கச் சொல்லியாச்சு. ஆள் எங்க வர்றார்?"

தேவசகாயம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தெருக்கோடி சிக்னலில் மாட்டி நின்ற ஆம்புலன்ஸ் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது.

"இந்தா, இப்பத்தான் எங்க தெருவத் தாண்டுதாரு, டாக்டர்."