அடுத்த இலை

கடைசியாகப் போன கல்யாணத்தில், பந்தியில் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று ஞாபகம் இருக்கிறதா?

சாம்பார் ஊற்றியவரை ஞாபகம் இருக்கும். மூன்றாம் முறை கேட்டபோது முறைத்திருப்பார். பாயசக்காரரை மறக்கவே மாட்டோம். தண்ணீர் ஊற்றியவர் முகம் மட்டும் யாருக்கும் நிற்பதில்லை.

மலையடிவாரத்து மடம் ஒன்றில் வெள்ளத்தாய் என்று ஒரு சிஷ்யை இருந்தாள். மதியம் வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே சோறு உண்டு. ஒன்பது வருஷமாக அந்தப் பந்தியில் தண்ணீர் ஊற்றுவது அவள்தான்.

மடத்தில் ஒரு வழக்கம். புதிதாக வந்தவர் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் உப்பும் ஊறுகாயும். அப்புறம் பொரியல், அப்புறம் சாம்பார் வாளி. எல்லாவற்றுக்கும் மேலே உக்கிராணம், அதாவது அரிசி பருப்பு வைக்கிற அறை. அதன் சாவி இடுப்பில் ஏறிவிட்டால் ஆளின் நடையே மாறிவிடும்.

வெள்ளத்தாய்க்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் சாம்பாருக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு தை மாசமும் அவளையும் கேட்பார்கள். "இந்த வருஷம் இருக்கட்டுமே" என்பாள்.

இந்தத் தடவை அப்படித் தப்பிக்க முடியவில்லை. உக்கிராணம் பார்த்தவர் மகள் வீட்டோடு போய்விட்டார். இருப்பவர்களில் பழைய ஆள் வெள்ளத்தாய்தான், சாவி அவளுக்கே என்றார்கள். சாயங்காலத்துக்குள் சரியா, இல்லையா என்று சொல்லியாக வேண்டும். சரி என்றால் செம்பு வேறு கைக்குப் போய்விடும்.

அன்று பார்த்து அவள் அண்ணன் கருத்தப்பாண்டி ஊரிலிருந்து வந்திருந்தார்.

"ஒம்போது வருஷமா செம்பத் தூக்கிட்டு அலையிறியேத்தா! அடுத்து என்னன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சியா?"

"இதுவே நல்லாத்தானண்ணே இருக்கு."

"சோம்பேறிப் பயலுக எல்லாம் அப்படித்தான் சொல்லுவானுக."

அது தைத்துவிட்டது. நேரே குருவிடம் போனாள். குரு அவளைவிட நாலு வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் சோம்பேறியா?"

"யார் சொன்னது?"

"எங்கண்ணன். அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேக்குது. நானும் யோசிச்சுப் பாத்தேன். அடுத்துன்னா எனக்கு அடுத்த இலைதான் ஞாபகத்துக்கு வருது."

குரு சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க சாமி. எனக்குப் பயமா இருக்கு. இது மனசு நெறஞ்சு இருக்கா, இல்ல மரத்துப் போச்சா? எனக்கே தெரியல. மரத்துப் போயிருந்தாச் சொல்லிருங்க, சாவிய வாங்கிக்கிறேன்."

குரு இலையைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னைக்கு ஒரு பந்திக்கு நீங்க உக்கிராணத்துல இருங்க. செம்பை இப்படிக் குடுங்க."

"நீங்களா ஊத்தப் போறீங்க?"

"ஏன், எனக்குத் தண்ணி ஊத்தத் தெரியாதா?"

தெரியவில்லை.

முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை வரிசையாக, டம்ளர் தளும்பத் தளும்ப ஊற்றிக்கொண்டே போனார். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவளுக்கும் அப்படியே. பிள்ளை ஒரு தட்டுத் தட்டியது. அவள் இலையில் ரசம் ஆறாக ஓடியது.

"சாமி! பிள்ளைக் கைக்கு எட்டாம வைக்கணும்!" என்று சமையல்காரர் பிச்சாண்டி அடுப்படியிலிருந்து கத்தினார்.

அடுத்த வரிசையில் கருத்தப்பாண்டியின் வேட்டி நனைந்தது. ஊற்றியது சாமி என்பதால் "இருக்கட்டும் சாமி" என்று பிழிந்துகொண்டார்.

வெள்ளத்தாய் உக்கிராண வாசலில் இரவுக்குப் பருப்பு அளந்துகொண்டிருந்தாள். மூன்று படி போட வேண்டிய சட்டியில் ஐந்து படி விழுந்தது. கை பருப்பில் இருந்தது, கண் பந்தியில்.

அண்ணனுக்குப் பக்கத்து இலையில் ஒரு பெரியவர். அவர் டம்ளர் நிறைந்திருந்தது. அதை அவர் தொடவே இல்லை. சோறு நெஞ்சை அடைத்தது. நிமிர்ந்தார், கஷ்டப்பட்டு விழுங்கினார், மறுபடி குனிந்தார். இடது கையைத் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

குரு இரண்டாம் சுற்று வந்தார். டம்ளர் நிறைந்திருப்பதைப் பார்த்தார். தாண்டிப் போய்விட்டார்.

வெள்ளத்தாய் படியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பெரியவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டம்ளரில் முக்கால்வாசியைப் பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியில் சாய்த்தாள். துண்டுக்குள் கையை விட்டு அவர் இடது கையை எடுத்து, அதில் டம்ளரை வைத்து, தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் கை நடுங்கத்தான் செய்தது. தண்ணீர் சிந்தவில்லை.

பெரியவர் குடித்தார். டம்ளரை நீட்டினார். மறுபடி கால் டம்ளர். மறுபடியும் கால்.

கருத்தப்பாண்டி சோறு பிசைவதை நிறுத்தியிருந்தார்.

"பக்கத்துலயேதான் இருக்கேன். எனக்குத் தெரியலையேத்தா" என்றார் மெல்ல.

"நீ சாப்பிடுண்ணே, ஆறிரும்."

பந்தி முடிந்தது. தோள்வரை நனைந்திருந்த குரு கடைசி இலையில் உட்கார்ந்தார். வெள்ளத்தாய் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"தப்பு நடந்துபோச்சு சாமி. பருப்பு ரெண்டு படி கூட விழுந்துருச்சு. உக்கிராணத்தத் தெறந்து போட்டுட்டு வந்துட்டேன். சாவி எங்க விழுந்துச்சுன்னே தெரியல."

"பிச்சாண்டி எடுத்து இடுப்புல சொருகியிருக்கார். அப்பவே நடை மாறிப்போச்சு, பாருங்க."

அடுப்படிப் பக்கம் பார்த்தாள். மாறித்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே சாமி."

குரு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். விக்கிக்கொண்டது. இடது கையால் செம்பை அவள் பக்கம் தள்ளினார்.

"தண்ணி ஊத்துங்கக்கா. எனக்கு எவ்வளவுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."