சத்தமில்லாமல் இறங்கிய வண்டி

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவில் தெய்வசிகாமணி முதலாளியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தெரியாதவர் கிடையாது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே காது வலிக்கும்.

ஒரு நாள் மலை உச்சியில் ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தது. டிரைவர் ராயப்பன் உடனே எஞ்சினை அணைத்தான்.

"பேட்டரிதானேடா சார்ஜ் ஆகாது? ஓட்டு."

"எஞ்சினுக்குக் காத்து அடிக்கிற ஃபேனும் அதே பெல்ட்லதான் சுத்துதுங்க முதலாளி. எஞ்சினைக் குளிர வைக்க இதுல தண்ணியும் கிடையாது. ஓட்டினா எஞ்சின் வெந்துடும்."

"அடிவாரத்துல கார் கிளப்பே மாலையோட நிக்குது. எஞ்சினும் வேகக் கூடாது, வண்டியை எவனும் கட்டி இழுக்கவும் கூடாது. நான் இதுலதான் போய் இறங்கணும். முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"அப்ப எஞ்சினைக் கேட்க வேண்டாங்க. மலையைக் கேட்போம்," என்ற ராயப்பன், கியரை நியூட்ரலில் தள்ளி பிரேக்கை விட்டான்.

வண்டி தானாக உருண்டது. மூங்கில் உரசுவது கேட்டது. பாறையில் தண்ணீர் விழுவது கேட்டது. இருபது வருஷமாகப் போய்வந்த பாதையில் ஓர் அருவி இருப்பதே முதலாளிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு வளைவில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்ற கொய்யாக்காரி பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்: "மலை இன்னிக்கு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு. அந்த உறுமல்காரர் ஊர்ல இல்ல போல. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும், அங்கேயே இருக்கட்டும்."

வண்டி அவளைத் தாண்டி நழுவியது. ராயப்பன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடிவாரத்தில் முதலாளியின் கழுத்தில் மாலை விழுந்தது. "எஞ்சின் ஓடுறதே தெரியலையே," என்று கிளப் ஆட்கள் வியந்தார்கள்.

ராயப்பன் மெதுவாகச் சொன்னான்: "புது பெல்ட் நாளைக்கே வாங்கிடலாங்க."

முதலாளி மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அவசரமில்ல, ராயப்பா."