உடைந்த பாறைக்கு நீர் வார்த்த பூதியார்

நொச்சிமலை அடிவாரத்தில் கல் வெட்டுபவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர் பூதியார். பாறை பிளக்க அந்தக் காலத்தில் வெடிமருந்தா இருந்தது? வரிசையாகக் குழி வெட்டுவார்கள். குழிக்குள் காய்ந்த மர ஆப்பை இறுக்குவார்கள். அதன்மேல் தண்ணீர் ஊற்ற ஊற்ற மரம் ஊறிப் பருக்கும். பருத்த மரம் பாறையைப் பிளந்துவிடும். அந்தத் தண்ணீரை ஊற்றுவதுதான் அம்மையாரின் வேலை. கூலி, கொஞ்சம் கேழ்வரகு.

அவர் கணவரும் அதே மலையில் கல் வெட்டியவர்தான். உருண்டு வந்த பாறை ஒன்று அவரைக் கொண்டுபோய்விட்டது.

"புருஷனைத் தின்ன கல்லுக்கு நீயே தண்ணி காட்டுறியேடி?" என்று சுனைக்கரைப் பெண்கள் கேட்டார்கள்.

"கல்லுக்குள்ள சாமி இருக்காருன்னு அவரு சொல்லுவாரு. வெயில்லயே கிடக்குறாரே, தாகமா இருக்காதா?" என்றார் பூதியார். ஒவ்வோர் ஆப்பின்மேலும் நீர் வார்க்கும்போது, "குடிங்க சாமி" என்பார். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். கல்லுக்குள் இருக்கும் சாமி கோயிலில் எழுந்தருளும் நாளில், தம் குடத்து நீரும் அவர்மேல் விழ வேண்டும்.

அந்த ஊர் ஈசருக்கோ வீடு நிலைக்கவில்லை. முதலில் மரத்தால் கோயில் கட்டினார்கள், கரையான் தின்றது. செங்கல்லால் கட்டிச் சுதையில் சாமியும் செய்து வைத்தார்கள். ஒரு பெருமழையில் கோயிலும் சாமியும் சேர்ந்து கரைந்தார்கள். அப்போதிருந்த சிற்றரசர் மலையையே குடையச் சொன்னார். பாதி குடைந்ததும் உள்ளே ஊற்றுக் கசிந்தது; அப்படியே விட்டுவிட்டார்கள். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகன், "கல்மேல் கல் அடுக்குங்கள். இந்தத் தடவை நிற்க வேண்டும்" என்றார்.

கட்ட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காரி என்னும் தென்னாட்டுப் பெருந்தச்சர். தளத்தின்மேல் தளமாகச் சிறுத்துக்கொண்டே உயரும் விமானம் அவருடைய முறை. மற்றவர் அரசரின் மாமனார் அனுப்பிவைத்த வடதேசத்துச் சிற்பியார். அவருடைய சிகரம் தளம் தளமாக ஏறாது. வளைந்து ஒரே வீச்சில் மேலே போகும். உச்சியில் நெல்லிக்கனி போல வரி வரியாய்ச் செதுக்கிய ஒரு பெரிய வட்டக்கல் உட்காரும்.

"கோயில் தலையில எதுக்கய்யா பூசணிக்காய்?" என்றார் பெருந்தச்சர்.

"உங்களுது மட்டும் என்ன, மாடி வீடு! சாமி தினம் ஏறி இறங்கணுமா?" என்றார் சிற்பியார்.

அரசருக்கு இருவரையும் விட மனமில்லை. கீழே தெற்கு, மேலே வடக்கு என்று கலந்து கட்டச் சொன்னார். இப்போது படித்தவர்கள் இவற்றுக்கு நாகரம், திராவிடம், வேசரம் என்று பெயர் வைத்துப் பேசுகிறார்கள். பேசட்டும். அன்று அந்தச் சண்டையில் அடிபட்ட அம்மையாருக்கு இந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தெரியாது.

மலையில் பழுதில்லாத பெரிய பாறை ஒன்று இருந்தது. பெருந்தச்சர் தம் உத்தரத்துக்கென்று முதலில் அதில் குழி வரிசை வெட்டி ஆப்பும் அடித்துவிட்டார். பிறகு அந்தப் பாறை வட்டக்கல்லுக்கு என்று முடிவாயிற்று. சிற்பியார் மேலே வேறு வரிசை வெட்டினார். பழைய ஆப்புகளை யாராவது பிடுங்கியிருக்க வேண்டும். அது அவர் வேலை என்று இவரும், இவர் வேலை என்று அவரும் விட்டுவிட்டார்கள். கல்தூள் மூடிக் கிடந்தவை யார் கண்ணிலும் படவில்லை. பூதியார் மேல் வரிசைக்கு நீர் வார்த்தார். நீர் வழிந்து கீழ் வரிசைக்கும் போயிற்று. பாறை குறுக்கே வெடித்தது.

"தாலி அறுத்தவ கை பட்டா இப்படித்தான்!" என்று ஒருவன் கத்தினான்.

அரசர் வந்து பார்த்தார். "தண்ணீர் ஊற்றியது யார்?"

"நான்தாங்க சாமி."

பெருந்தச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமேல் நீ இந்த வேலைக்கு வரக்கூடாது."

"சரிங்க. சாமி எழுந்தருளுற அன்னிக்கு மட்டும் ஒரு குடம்..."

"கோயில் வாசல் பக்கமே வராதே" என்று சொல்லிவிட்டு அரசர் போய்விட்டார்.

வட்டக்கல் இல்லாமல் என்ன சிகரம் என்று சிற்பியார் தம் ஊருக்குக் கிளம்பினார். விமானம் தெற்கத்தி முறையிலேயே வளர்ந்தது. பூதியார் சுள்ளி பொறுக்கி விற்று வயிற்றைக் கழுவினார். ஆனால் தினமும் அந்த உடைந்த பாறைக்குப் போவார். "நீங்களும் கோயிலுக்கு ஆகாதவரு, நானும் ஆகாதவ. குடிங்க சாமி" என்று ஒரு குடம் வார்ப்பார். கோடையில் சுனை வற்றியபோதும் நிறுத்தவில்லை. கைவிட்ட குகைக்குள் கசிந்த ஊற்றில், கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தார்.

கோயில் முடிந்தது. குடமுழுக்குக்கு நாளும் குறித்தாயிற்று. கருவறைதான் காலியாகக் கிடந்தது. மூலவருக்கு எடுக்கும் கல், தட்டினால் வெண்கல மணிபோல ஒலிக்க வேண்டும், அதுதான் முறை. தட்டிய கல்லெல்லாம் ஊமையாக இருந்தது. பெருந்தச்சர் உச்சிவெயிலில் மலையெங்கும் அலைந்தார். அப்போது எங்கோ மணி ஒலித்தது. ஓடிப் போய்ப் பார்த்தார். உடைந்த பாறை அருகே பூதியார் குடத்தோடு நின்றிருந்தார்.

"மணி அடிச்சது யாரும்மா?"

"மணியா? நான் தண்ணிதாங்க ஊத்திக்கிட்டிருந்தேன்."

"இன்னொரு தரம் ஊத்து."

ஊற்றினார். நீர் பட்ட கல் கணீரென்றது. "மூலவருக்கு இந்தக் கல்தான்" என்றார் பெருந்தச்சர்.

"சாமி, இது நான் உடைச்ச கல்லுங்க. இது வேணாங்க" என்றார் பூதியார்.

"நீ உடைக்கல தாயி. கீழ இருந்த ஆப்பு என்னோடது. பிடுங்காம விட்டவன் நான்."

"தெரியுங்க. பிளந்தப்பவே பாத்தேன்."

"பாத்தியா? ஏன் சொல்லல?"

"உங்களையும் துரத்திட்டா சாமிக்கு வீடு யாருங்க கட்டுவா?"

பெருந்தச்சர் அந்த வெயிலில் பாறைமேல் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.

மூலவர் அந்தக் கல்லிலேயே உருவானார். குடமுழுக்கு நாளில் அரசர் பொற்குடம் எடுத்துக் கொடுக்க, குருக்கள் வார்த்தார். சாதாரணக் கல்லில் நீர் விழும் சத்தம்தான் கேட்டது. இன்னொரு குடம் வார்த்தார். அதே சத்தம். பெருந்தச்சர் அரசர் காலில் விழுந்து நடந்ததையெல்லாம் சொன்னார். வாசலுக்கு வெகு தூரத்தில் ஒதுங்கி நின்ற அம்மையாரை அரசர் தாமே நடந்துபோய் அழைத்து வந்தார்.

வானத்தில் குரல் கேட்டது என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். அதெல்லாம் நம்பத் தேவையில்லை. பூதியார் மண்குடத்தைச் சாய்த்து, "குடிங்க சாமி" என்றார். கருவறை முழுக்க மணி ஒலித்தது. விமானத்தின் உச்சி வரைக்கும் ஒலித்தது. வேறு குரல் எதற்கு?

மரத்திலும் செங்கல்லிலும் குடைந்த மலையிலும் தங்காத ஈசர், தம் தாகம் அறிந்த ஓர் ஏழையின் குடத்து நீருக்காகக் காத்திருந்தார். அந்தக் கல்லைத் தொழப் போகிறவர்கள், அதை நனைத்த கையை முதலில் தொழட்டும்.