அணைந்த அடுப்பு

"ஒரு மாசமா தினமும் என்னை நானே சோதிச்சுப் பாக்கேன், சிஸ்டர். ஒரு பாவமும் தட்டுப்படல," என்றார் வியாகப்பன்.

சொன்ன குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிஸ்டர் பெனிட்டா கொத்தவரங்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

வியாகப்பனுக்கு அறுபது வயது. ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். சிஸ்டருக்கு நாற்பதுதான் இருக்கும். உப்பளத்துக்குப் பக்கத்தில் அவர் நடத்தும் சின்ன ஜெப வீட்டுக்கு வாரம் தவறாமல் வருவார் வியாகப்பன். தன்னைவிட இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

"சந்தோஷம்தானே, அண்ணாச்சி?"

"எனக்குச் சந்தோஷம்தான். எம் பொஞ்சாதி எமிலிதான் விட மாட்டேங்கா. 'ஜெபம் கூடக் கூட உங்க வாய் கூராகிக்கிட்டே போகுது'ங்கா. விழிச்சிருங்கன்னு ஆண்டவர் சொன்னாரு. நான் விழிச்சுத்தானே இருக்கேன்?"

"தூங்குற ஆளை 'தூங்குறீங்களா'ன்னு கேட்டிருக்கீங்களா?"

"கேட்டா அவரு எப்படிச் சொல்லுவாரு?"

சிஸ்டர் அடுத்த காயை எடுத்தார்.

மேலே ஏதாவது சொல்வார் என்று வியாகப்பன் காத்திருந்தார். காய்தான் தீர்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எமிலி பீடத்துக்குப் பூ வைக்கக் கோவிலுக்குப் போயிருந்தாள்.

வியாகப்பன் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தார். கொதிக்க நேரம் ஆகும். அதற்குள் ஜெபத்தை முடித்துவிடலாம் என்று தோன்றியது. தீயைக் குறைத்துவிட்டு, கொசு வராமல் ஜன்னல்களைச் சாத்தினார். சமையலறையை ஒட்டிய முன்னறையில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

கண்ணை மூடி அன்றைய நாளைப் பின்னோக்கிப் பார்த்தார். யாரிடமும் சண்டை இல்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பூசைக்குப் போனார். பேப்பர் படித்தார்.

நடுவில் லேசாக ஒரு வாடை வந்தது. பக்கத்துச் சாக்கடையாக இருக்கும். மனம் சிதறக் கூடாது என்று கண்ணை இன்னும் இறுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது.

அதன்பிறகு மனசு ரொம்ப அமைதியாக இருந்தது. தலை மட்டும் லேசாகக் கனத்தது. பக்தியில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வெளிச்சம் மங்கியிருந்தது. படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று எழுந்து தீப்பெட்டியைத் திறந்தார்.

வாசல் கதவு திறந்தது.

"என்னங்க! கேஸ்!"

"எங்க?"

"குப்புனு அடிக்குதே!"

"ஒண்ணும் அடிக்கல. நான் இங்கயேதான இருக்கேன்? எனக்குத் தெரியாதா?"

கையில் குச்சியை எடுத்துவிட்டார்.

எமிலி ஓடி வந்து அவர் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். தீப்பெட்டி தெறித்து விழுந்து குச்சிகள் தரையெல்லாம் சிதறின. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவரை அடித்தது அதுதான் முதல் தடவை.

"வெளிய போங்க. சுவிட்சைத் தொடாதீங்க. போங்கன்னா!"

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் வெளியே போனார்.

எமிலி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அடுப்பை மூடி, சிலிண்டரை மூடி, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டு, இருமிக்கொண்டே வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடியில் இருவரும் நின்றார்கள். கடல் காற்று அடித்தது.

வியாகப்பனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இவள் எதையும் பெரிசு பண்ணுகிறவள். நாலு மூச்சு நல்ல காற்றை இழுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் தலையை உள்ளே நீட்டினார்.

குமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குள்ளயா நான் முழங்கால் போட்டிருந்தேன்?"

"உள்ளயே இருந்தா மூக்குக்குப் பழகிப்போயிரும்," என்றாள் எமிலி. வியாகப்பன் அவள் கைகளைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"எமிலி, எங்கிட்ட உனக்கு என்ன கஷ்டம்? சொல்லு," என்றார்.

"இப்பவா?"

"இப்பவே."

அவள் யோசித்தாள். "எங்க அக்கா போன் பண்ணினா டி.வி. சத்தத்தைக் கூட்டுறீங்க."

"நானா?"

"ஒவ்வொரு தடவையும். அவ புருஷனை இழந்தவ. பேச ஆள் இல்லாம எனக்குப் போன் போடுறா. 'மச்சானுக்குத் தொந்தரவா இருக்கும்'னு அவளே இப்ப குறைச்சுக்கிட்டா."

அப்படி ஒரு நினைவே அவரிடம் இல்லை. ஒரு மாதத் தேடலில் அந்தப் பக்கம் அவர் திரும்பியதுகூட இல்லை.

வாதாட வார்த்தை வாய்வரை வந்தது. வீட்டுக்குள்ளிருந்து மெல்லக் கேஸ் வாடையும் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"அவளை இப்பக் கூப்பிடு. நானும் பேசுறேன்," என்றார்.

அடுத்த வாரம் நடந்ததையெல்லாம் சிஸ்டர் பெனிட்டாவிடம் சொன்னார். சிஸ்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். தீப்பெட்டி வந்த இடத்தில் மட்டும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"இனி நான் எப்படி விழிச்சிருக்கணும், சிஸ்டர்?"

சிஸ்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க இப்ப வெளிய இருந்துதானே வர்றீங்க?"

"ஆமா."

"இங்க என்ன வாடை அடிக்குது?"

வியாகப்பன் மூக்கை உறிஞ்சினார். "சாம்பிராணி. அப்புறம்… மீன் குழம்பு."

"வீட்டைப் பத்திக் கேக்கல. என்னைப் பத்திக் கேக்கேன்."

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"சொல்லுங்க, அண்ணாச்சி."

அவருக்கு வியர்த்தது. "நான் எப்படிச் சிஸ்டர்…"

"நானும் இதுக்குள்ளயேதான இருக்கேன்?"

வியாகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்.

"மூணு வருசமா இங்க வாறேன். உள்ள சமைக்கிற சிஸ்டர் பேரு எனக்கு இன்னும் தெரியாது. நீங்க அவங்களைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. கையைத்தான் தட்டுவீங்க."

சிஸ்டரின் காதுவரை சிவந்தது.

இன்றோடு நமக்குக் குரு இல்லை என்று வியாகப்பன் முடிவு செய்துகொண்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

சிஸ்டர் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார்.

"சலேத் மேரி, அடுப்பை அணைச்சிட்டு இங்க வந்து எங்ககூட உக்காருங்க. நாற்காலி நான் எடுத்துப் போடுறேன்."