அழுங்கும் கானமயிலும் பேரேட்டில் ஏறிய கதை

கருங்கல்பாடியை ஆண்ட மணிமார்பனுக்குத் தன் மீசைமேல் கொள்ளை ஆசை. அது போதாதென்று இன்னும் இரண்டு ஆசைகள் வந்து சேர்ந்தன: அழுங்கின் செதிலில் ஒரு கவசம், கானமயில் இறகில் ஒரு விசிறி.

எறும்பு தின்று பிழைக்கும் அழுங்கில் ஒரு ஜோடிதான் அந்த நாட்டில் மிஞ்சியிருந்தது. புல்வெளியில் திரியும் பெரிய பறவையான கானமயிலிலும் ஒரு ஜோடிதான். அருகிய உயிருக்குக் காவல் போடவேண்டும், பெருகிய உயிரை வேட்டையாடலாம் என்பது அங்கே சட்டம். எது எந்த வகை என்பதை உயிரினப் பேரேடு சொல்லும். அதை எழுதுபவர் தலைமைக் கணக்கர் ஆலாலசுந்தரம். அரசருக்குப் பிடித்ததை எழுதுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

அழுங்குக்குச் செதில் உண்டு, ஆகவே மீன் இனம். ஏரி நிறைய மீன். கானமயிலுக்கு இறகு உண்டு, ஆகவே கோழி இனம், தெருவெல்லாம் கோழி. இரண்டும் பெருகியவை என்று எழுதி முடித்தார்.

காவல் அதிகாரி பூவராகனுக்கு இது பொறுக்கவில்லை. அழுங்கு குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு, மீனாகுமா என்று கேட்டுப் பார்த்தான். பேரேடு சொன்னால் சொன்னதுதான், நாளை வேட்டை, நாட்டில் எல்லாம் பேரேட்டின்படியே நடக்கும் என்றார் அரசர், மீசையை நீவிக்கொண்டே.

"எல்லாமா, மன்னா?"

"எல்லாம்."

"உத்தரவு" என்று பூவராகன் போய்விட்டான்.

மறுநாள் காலை அரசர் கண்விழித்தபோது அறை வாசலில் காவலன் இல்லை. கோட்டைக் கதவு திறந்து கிடந்தது. கொலுமண்டபத்தில் யாருடையதோ ஓர் ஆடு நின்றது. பூவராகனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பேரேட்டின்படி காவலை எடுத்துவிட்டேன், மன்னா. தாங்கள் மீசை இனம். பூனை, எலி, இறால், கரப்பான் எல்லாம் அதே இனம். எண்ணி மாளவில்லை. பெருகியவற்றுக்குக் காவல் கிடையாது."

பெருகியதை வேட்டையாடலாம் என்ற மீதிச் சட்டம் அரசருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கரப்பானோடா என்னைச் சேர்த்தாய்?"

"கணக்கர் முறை, மன்னா. செதில் இருந்தால் மீன், மீசை இருந்தால் கரப்பான்."

அரசருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்ததும் வேட்டையை நிறுத்தினார். அழுங்குக்கும் கானமயிலுக்கும் தனித்தனி ஏடு, ஜோடிக்கு நான்கு காவலர், பூவராகனுக்குப் பொன்னாடை என்று ஆணையிட்டார். தனக்கும் ஒரு தனி ஏடு வேண்டும் என்றார். அடையாளம் எழுதும் இடத்தில் மீசையை மட்டும் குறிப்பிட வேண்டாம் என்று ஆலாலசுந்தரத்திடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.