சாமிக்குப் போட்ட பங்கு

"சாவறவங்க வேகமா சாவறாங்க. வட்டி மெதுவா வருது. நான் என்னம்மா செய்யறது?"

தசரதன் கேட்டுக்கொண்டே குன்றின் படியேறி வந்தான்.

பூங்காவனத்தம்மாள் சித்தர் சமாதியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் சுரங்க வாசலில் பெண்களைத் திரட்டி மறியல் செய்தவள். சிறை கண்டவள். சுரங்கத்தை மூடினார்கள். சங்கத் தலைவர்கள் மாடி வீடு கட்டினார்கள். அவள் இந்தக் குன்றில் ஏறிவிட்டாள்.

கேள்வியோடு வருகிறவர்கள் அவளைக் குரு என்றார்கள். அவள் மறுத்ததில்லை. ஒப்புக்கொண்டதும் இல்லை.

"பொங்கல் இருக்குது. சாப்பிடு."

"பசிக்கலம்மா."

"ராத்திரி தூங்கினியா?"

"அதுவும் இல்ல."

பழைய தொழிலாளிகளின் சாவு நிதிக்குத் தசரதன்தான் பொருளாளர். குழிக்குள் நுரையீரலைத் தொலைத்தவர்கள், மண்ணுக்குள் போகும்போதாவது கையேந்தாமல் போகவேண்டும் என்று போட்டுவைத்த சில்லறை அது. கரைந்துகொண்டே வந்தது.

"பக்கத்து மலையில சின்னதா ஒரு தங்கக் கம்பெனி வந்திருக்குது. கனககிரின்னு பேரு. பங்கு இப்ப மலிவு. சீக்கிரமே மூணு மடங்காகுமாம்."

"யாரு சொன்னது?"

"முதலாளியே சொன்னாரு."

"தோண்டறவன் என்ன சொல்றான்?"

"இன்னும் தோண்டல. தோண்டத்தான் பணம் கேக்கறாங்க."

அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"நிதி மொத்தத்துக்கும் செக்குல கையெழுத்து போட்டுட்டேன். சாயங்காலம் வாங்க ஆள் வருவான். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியா குடுத்துடுவேன்."

"வேணாம்னு சொன்னா?"

தசரதன் தலையைச் சொறிந்தான்.

"பொம்பளைக்குப் பங்கைப் பத்தி என்ன தெரியும்னு நெனப்பே."

"ஐயோ, இல்லம்மா."

"மறியல் அன்னிக்கும் இப்படித்தான் நெனச்சே. அப்புறம் எங்க பின்னாலதான் ஒளிஞ்சுகிட்டே."

அவள் உள்ளே போனாள். உண்டியலைத் தூக்கி வந்து அவன் முன்னால் கவிழ்த்தாள்.

"பிரி. செல்றது இந்தப் பக்கம். செல்லாதது அந்தப் பக்கம்."

"இப்பவா?"

"வேற என்ன வேலை உனக்கு? தூக்கமா?"

தசரதன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். நல்ல நோட்டு கொஞ்சம் வந்தது. பசை போட்டு ஒட்டிய நோட்டு நிறைய வந்தது. அரசாங்கம் செல்லாது என்று சொன்ன நோட்டு வந்தது. தலையும் எழுத்தும் தேய்ந்த நாணயங்கள் வந்தன. கடைக்காரன் வாங்காததைச் சாமி வாங்கிக்கொள்ளும் என்பது உலக நம்பிக்கை.

குவியலின் அடியில் ஒரு தடித்த காகிதம். நாலாக மடித்திருந்தது. பிரித்தான். ஓரமெல்லாம் பொன்னிறப் பூவேலை.

கனககிரியின் பங்குப் பத்திரம். சித்தர் பேருக்கு.

அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களாம்மா! சாமிக்கே பங்கு! யாரு போட்டது?"

"உன் முதலாளிதான். பௌர்ணமிக்கு வந்தாரு."

"பக்தியான மனுஷன்."

"ஆமா. கண்ணை மூடி ரொம்ப நேரம் கும்பிட்டாரு. பர்ஸைத் தெறந்தாரு. கத்தை கத்தையா இருந்துச்சு. பாத்துட்டு மூடிட்டாரு. அப்புறம் கைப்பெட்டியைத் தெறந்து இதை எடுத்து உண்டியல்ல போட்டாரு."

தசரதன் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏன் நிறுத்திட்டே? எந்தப் பக்கம்?"

இரண்டு குவியலுக்கும் நடுவில் அவன் கை நின்றது. பிறகு தானாகச் சாய்ந்தது. ஒட்டுப்போட்ட நோட்டுக்கும் வழுக்கை நாணயத்துக்கும் இடையில் பத்திரம் விழுந்தது.

சட்டைப்பையிலிருந்து செக்கை எடுத்தான். நாலாகக் கிழித்தான். பத்திரத்தின் மேலேயே போட்டான்.

கீழே, படியில், பழைய சுரங்கக்காரர் ஒருவர் இருமிக்கொண்டே ஏறி வருவது கேட்டது.

தசரதன் காலை நீட்டி, தூணில் சாய்ந்துகொண்டான்.

"அம்மா, அந்தப் பொங்கல் மிச்சம் இருக்குதா?"