காலை எட்டு மணிக்குத் திரும்பிய கம்ப்யூட்டர்

"டீச்சர், பிரிண்டர் சரியாயிட்டு. ஆனா காலையில எடுத்த ரீடிங் ஒண்ணையும் காணல."

இப்படிச் சொன்ன தங்கமாரியப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. டீச்சர் நிலோபருக்கு இருபத்தெட்டு. யார் கற்றுக்கொடுக்கிறாரோ அவர்தானே டீச்சர்.

கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் கண் பரிசோதனை முகாம். கம்ப்யூட்டர் வேலை இவர்கள் இருவருக்கும்.

கண் பவர் பார்க்கும் மெஷின் பழசு. அதன் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கம்ப்யூட்டரோ புதுசு, லினக்ஸ் போட்டது. அதனால் அதற்குள்ளேயே பழைய விண்டோஸுக்கென்று சாஃப்ட்வேராலேயே இன்னொரு கம்ப்யூட்டரை நிலோபர் உண்டாக்கியிருந்தாள். வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு.

உள்ளே இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. அது இருக்கும் நிலையை அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கலாம். ஏதாவது கெட்டால், ஒரே அமுக்கில் அந்த நேரத்துக்குத் திரும்பிவிடலாம். நிலோபர் காலை எட்டு மணிக்கு ஒன்று எடுத்து வைத்திருந்தாள்.

பத்தரை மணிக்குத் தங்கமாரியப்பன் எதையோ மாற்றப் போக, பிரிண்ட் நின்றுவிட்டது. மனிதர் பயந்து போனார். யாரிடமும் மூச்சு விடாமல் கம்ப்யூட்டரை எட்டு மணி நிலைக்குத் திருப்பிவிட்டார். எட்டுக்குப் பிறகு அதில் பதிவானதெல்லாம் அதோடு போய்விட்டது.

"எத்தனை பேரோட ரீடிங் அண்ணாச்சி?"

"இருபத்தேழு."

"வெளிய காப்பி எடுத்து வச்சீங்களா?"

"மத்தியானம் மொத்தமா எடுத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"இன்னொரு தடவை பாத்தா?"

"எல்லாருக்கும் கண்ணு விரியச் சொட்டு மருந்து விட்டாச்சு. இனி இன்னைக்குப் பாத்தா பவர் சரியா வராதுன்னு நர்ஸ் சொல்லுதாங்க."



தங்கமாரியப்பன் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷ முகாம் லிஸ்ட் இருக்கு டீச்சர். இருபத்தேழு பேரும் அதுல இருக்காங்க. அந்தப் பவரையே போட்டுருவோமா? ஒரு வருஷத்துல பெருசா என்ன மாறிரப் போவுது? யாருக்கும் தெரியாது."

பயத்தில் மூளை இப்படித்தான் ஓடும். நேர் வழியைத் தவிர மற்ற எல்லா வழியும் தெரியும்.

நிலோபர் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. பேச்சியம்மாள்னு தேடுங்க."

தட்டினார். "அப்படி யாரும் இல்லைன்னு வருது."

"அப்ப அந்தம்மா இன்னைக்கு வரலையா?"

"மெஷினைப் பொறுத்தவரைக்கும் வரல."

"ஹால்ல முதல் வரிசையில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அது யாரு?"

தங்கமாரியப்பன் திரும்பிப் பார்த்தார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபத்தேழு பேர், தலையைப் பின்னால் சாய்த்தபடி. முதலில் பேச்சியம்மாள். தையல் கம்பெனியில் வேலை. இரண்டு மாதமாக ஊசி கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை தையல் கோணினால் வேலை போய்விடும் என்று காலையில் அவரிடம்தான் சொன்னாள். அவளுக்கா போன வருஷத்துப் பவரில் கண்ணாடி? அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்தார்.

"நீங்களும் கூட வாங்களேன் டீச்சர்."

"நான் பிரிண்டரைப் பாத்துக்கிடுதேன்."

தனியாகத்தான் போனார். காலடிச் சத்தம் கேட்டுப் பேச்சியம்மாள் கண் திறக்காமலே கேட்டாள்.

"யாரு, டாக்டர் ஐயாவா?"

பேசாமல் தாண்டிப் போயிருந்தால் வந்தது யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அது அவருக்கும் தோன்றியது.

"இல்லம்மா. கம்ப்யூட்டர்ல இருக்கிற தங்கமாரியப்பன். காலையில எடுத்த உங்க பவரை நான் அழிச்சுட்டேன். நாளைக்கு இன்னொரு தடவை வரணும்."

"நாளைக்கும் லீவு கேட்டா, அப்படியே நின்னுக்கோன்னு சொல்லிருவாரே சூப்பர்வைசர்."

"அவர்கிட்ட நான் வந்து சொல்லுதேன், இதைச் செஞ்சது நான்தான்னு."

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணை மூடியபடியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கும்தான் ஐயா."

இன்னும் இருபத்தைந்து பேர் இருந்தார்கள்.